வாசகர் கேள்வி பதில்: கற்பனை உலகங்களின் கூந்தலும் தாடியும்

கற்பனை உலகக் கதைகளில் வரும் இனங்கள் தலைமுடியையும் தாடியையும் எப்படிப் போற்றுகின்றன, எதற்காக வெட்டுகின்றன, யாருக்குக் கொடுக்கின்றன என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம். பெரும்பாலானவை ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த நடுநிலவுலகைப் பற்றியவை என்பதால் பதில்களும் அங்கேயே அதிக நேரம் தங்குகின்றன.

கேள்வி: ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படத்தின் நீண்ட பதிப்பில், குள்ளர் இனத்தைச் சேர்ந்த கிம்லி, தான் முதுமையறியாத எல்ஃப் இனத்துச் சீமாட்டி கலாட்ரியலிடம் ஒரு முடியைக் கேட்டதாகவும் அவள் மூன்றைக் கொடுத்ததாகவும் நெகிழ்ந்து சொல்கிறான். அவனுடைய எல்ஃப் நண்பன் லெகோலாஸ் அதைக் கேட்டுப் புன்னகைக்கிறான். ஒரு முடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? (வாசகர், சேலம்)

பதில்: அதற்குப் பின்னால் ஒரு பழைய மறுப்பு இருக்கிறது. டோல்கீனின் உலகில் சூரியனும் சந்திரனும் தோன்றுவதற்கு முன், வாலினோர் என்னும் தேவர் நாட்டில் இரண்டு மரங்களே ஒளி தந்தன. ஒன்று வெள்ளி ஒளியையும் மற்றது பொன் ஒளியையும் பொழிந்தது. கலாட்ரியலின் கூந்தலில் தந்தை வழிப் பொன்னிறத்தோடு தாய் வழி வெள்ளியின் சாயலும் கலந்திருந்ததால், அவ்விரு மரங்களின் ஒளியும் அந்தக் கூந்தலில் சிக்கிக்கொண்டது என்று எல்ஃப்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் பெரியப்பா முறையான ஃபெயனோர், அந்த இனத்திலேயே ஈடு இணையற்ற கைவினைஞன். அவன் அவளிடம் மும்முறை கூந்தலின் ஒரு கற்றையைக் கேட்டான். மும்முறையும் அவள் ஒற்றை முடியைக்கூடத் தர மறுத்தாள். அன்று முதல் இருவருக்கும் இடையே நட்பு என்பதே இல்லாமல் போயிற்று. பிற்பாடு அவன் அந்த மரங்களின் ஒளியை அடைத்துச் செய்த சில்மரில் என்னும் மூன்று மணிகளுக்கான எண்ணம், அவளுடைய கூந்தலைப் பற்றிய அந்தப் பேச்சிலிருந்தே அவனுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்று பலரும் கருதினார்கள். அந்த மணிகளுக்காக எத்தனை அரசுகள் அழிந்தன என்பது டோல்கீனின் மற்ற கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

இனிக் கிம்லியின் வேண்டுகோளைப் பார்க்கலாம். எல்ஃப்களுக்கும் குள்ளர்களுக்கும் பழம்பகை. கலாட்ரியல் வாழும் லோரியன் காட்டுக்குள் நுழையும்போது குள்ளன் என்ற ஒரே காரணத்துக்காக அவனுடைய கண்ணை மட்டும் கட்ட முயன்றதும், அவன் கொதித்தெழுந்ததும், கடைசியில் எல்லோர் கண்களையும் கட்டி அழைத்துச் சென்றதும் அந்தப் பகையின் அடையாளங்கள். விடைபெறும் வேளையில் கலாட்ரியல் ஒவ்வொருவருக்கும் பரிசு தருகிறாள். கிம்லியிடம் என்ன வேண்டும் என்று கேட்கும்போது, அவளைக் கண்டதும் அவளுடைய இன்சொல்லைக் கேட்டதுமே போதும் என்கிறான். அவள் விடாமல் கேட்ட பிறகே, தலைகுனிந்து, தடுமாறி, ஒற்றை முடியிழை என்று சொல்கிறான். சொன்ன கையோடு, இதை நான் கேட்கவில்லை, விருப்பத்தைச் சொல்லும்படி நீங்கள் கட்டளையிட்டதால் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். சுற்றியிருந்த எல்ஃப்களிடையே வியப்பின் முணுமுணுப்பு எழுகிறது. அவள் கணவன் செலபோர்னே அவனை வியந்து பார்க்கிறான். அதை வைத்து என்ன செய்வாய் என்று அவள் கேட்கிறாள். அழியாத படிகத்தில் பதித்து, மலைக்கும் காட்டுக்கும் இடையிலான நல்லெண்ணத்தின் சான்றாக என் குலத்தின் வழிவழிச் செல்வமாக வைத்திருப்பேன் என்கிறான். இவ்வளவு துணிச்சலான வேண்டுகோளை இவ்வளவு பணிவோடு எவரும் தன்னிடம் வைத்ததில்லை என்று கூறிய அவள், தன் நீண்ட பின்னல்களில் ஒன்றை அவிழ்த்து மூன்று பொன்னிழைகளை வெட்டி அவன் கையில் வைக்கிறாள்.

ஃபெயனோர் கேட்டதும் கிம்லி கேட்டதும் ஒரே பொருள்தான். முன்னவனுக்கு அது உடைமை ஆசை. பின்னவனோ உரிமையில்லை என்று அறிந்தே கேட்டான். நடுநிலவுலகில் கூந்தல் பற்றிய மிக வலுவான வழக்கம் இதுவே என்பது என் கருத்து: அழகு எவ்வளவு பெரியதானாலும், கொடுப்பதும் மறுப்பதும் உடையவளின் விருப்பம்.

ஒரு சிறு எச்சரிக்கையும் தேவை. கிம்லியின் பரிசு 1954-இல் வெளிவந்த நாவலின் முதல் பகுதியிலேயே இருக்கிறது; ஃபெயனோரின் மும்முறை வேண்டுகோள், டோல்கீன் தம் பிற்காலத்தில் எழுதி, அவர் மறைந்த பிறகு மகன் கிறிஸ்டோபர் 1980-இல் தொகுத்து வெளியிட்ட நூலின் வழியாகவே வாசகர்களை எட்டியது. ஆகவே கால் நூற்றாண்டுக் காலம் வாசகர்கள் அந்தக் காட்சியை ஃபெயனோர் இல்லாமலே படித்து நெகிழ்ந்திருக்கிறார்கள். மும்முறை மறுத்ததற்கு ஈடாகவே அவள் மூன்று இழைகள் தந்தாள் என்பதும் வாசகர்களின் ஊகமே. அழகான ஊகம், ஆனால் ஆசிரியர் அப்படி எங்கும் எழுதவில்லை.

கேள்வி: எல்ஃப்கள் காதலரைத் தவிர வேறு எவரையும் தங்கள் பின்னலைத் தொட விடமாட்டார்கள் என்றும், குள்ளர்கள் திருமணம் நிச்சயமானதும் ஒருவர் முடியை மற்றவர் பின்னி மணி கோப்பார்கள் என்றும் இணையத்தில் பல இடங்களில் படித்தேன். இவை எந்த நூலில் வருகின்றன? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எந்த நூலிலும் வரவில்லை. இவை ரசிகர்கள் எழுதும் கதைகளில் பிறந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாண்டு, இன்று மூலநூலின் செய்தி போலவே நிலைத்துவிட்டவை. அவற்றை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் உலகத்தை நேசிப்பவர்கள் அதன் வெற்றிடங்களைத் தாமே நிரப்பிக்கொள்வது எல்லாப் பழங்கதைகளுக்கும் நேர்ந்ததுதான். ஆனாலும் எது யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டோல்கீன் எல்ஃப்களின் திருமண வழக்கங்களைப் பற்றி விரிவாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அது 1993-இல் அச்சேறியது. நிச்சயத்தின்போது மணமக்கள் வெள்ளி மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். குறைந்தது ஓராண்டு கழித்தே திருமணம். அன்று வெள்ளி மோதிரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொன் மோதிரங்களை வலக்கைச் சுட்டுவிரலில் அணிகிறார்கள். மணப்பெண்ணின் தாயும் மணமகனின் தந்தையும் மணமக்களின் கைகளைச் சேர்த்து வைக்கிறார்கள். இத்தனை நுணுக்கமாக எழுதியவர் அதில் பின்னலைப் பற்றிப் பேசவில்லை. தொடக்கூடாது என்ற விதி இருந்திருந்தால் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அவருக்கு வாய்த்திருக்காது.

எல்ஃப்களின் பின்னல் பற்றி அவர் சொல்லியிருப்பவை சிதறிய சில வரிகளே. ஃபிங்கோன் என்னும் இளவரசன் தன் நீண்ட கருங்கூந்தலைப் பொன்னிழை சேர்த்துத் தடித்த பின்னல்களாக அணிந்தான். கலாட்ரியல் இளமையில் உடல்வலிமைப் போட்டிகளில் கலந்துகொள்ளும்போது கூந்தலை மகுடம்போல் சுற்றிக் கட்டிக்கொண்டாள். முதலாவது ஓர் ஆணின் அலங்காரம், இரண்டாவது ஒரு பெண்ணின் வசதி என்பதைக் கவனியுங்கள். நாம் எதிர்பார்க்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. லெகோலாஸின் காதோரச் சிறு பின்னல்கள் 2001 முதல் வந்த திரைப்படங்களின் சிகை அலங்காரக் கலைஞர்கள் தந்தவை.

குள்ளர்களின் மணி கோத்த பின்னல்களுக்கும் ஊற்று திரைப்படமே. 1937-இல் வெளியான ‘தி ஹாபிட்’ நாவலில் பதின்மூன்று குள்ளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஹாபிட் என்னும் சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த பில்போவின் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களை நாம் பெரும்பாலும் முக்காட்டின் நிறத்தைக்கொண்டே பிரித்தறிகிறோம். டுவாலினுக்கு நீலத் தாடி, அதைப் பொன் இடைக்கச்சையில் செருகியிருக்கிறான், பாலினுக்கு வெண்தாடி, ஃபிலிக்கும் கிலிக்கும் மஞ்சள் தாடி. அவ்வளவுதான். திரையில் பதின்மூன்று பேரையும் தொலைவிலிருந்தே அடையாளம் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்ததால், 2012 முதல் வந்த படங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பின்னலும் தாடி வடிவமும் அமைத்தார்கள். பார்த்தவர்கள் அந்த வடிவங்களுக்குப் பொருள் தேட, திருமணப் பின்னலும் குலப் பின்னலும் துக்கப் பின்னலும் பிறந்தன.

கேள்வி: குள்ளர் இனப் பெண்களுக்குத் தாடி உண்டா, இல்லையா? 2022-இல் வந்த ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. குள்ளர்களில் ஆண்களும் பெண்களும் வாழ்வின் தொடக்கத்திலிருந்தே தாடி உடையவர்கள் என்று டோல்கீனின் கையெழுத்துப் படிகளில் இருக்கிறது. அவர் வாழ்ந்தபோதே வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் பின்னிணைப்பில், குள்ளர் பெண்களைப் பற்றிய இடத்தில் தாடி என்ற சொல் இல்லை. குள்ளர் பெண்கள் மொத்த மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கமாட்டார்கள், பயணம் போக நேர்ந்தால் குரலிலும் தோற்றத்திலும் உடையிலும் ஆண்களைப் போலவே இருப்பதால் பிற இனத்தாரால் வேறுபடுத்தி அறிய முடியாது என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. தொடரில் வரும் இளவரசி டீசாவுக்குத் தாடி இல்லாததைச் சிலர் கண்டித்ததற்கு இதுவே அடிப்படை.

தாடி அவர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இன்னொரு இடம் சான்று. தன் தந்தை திரோரின் தலையை ஓர்க் என்னும் கொடிய இனத்தின் தலைவன் வெட்டி எறிந்த செய்தியைக் கேட்டதும் திரெயின் அழுது, தன் தாடியைப் பிய்த்துக்கொண்டு, பிறகு ஏழு நாட்கள் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கிறான். எழுந்தபோது போருக்கு எழுகிறான். தாடியைப் பற்றிய விளக்கவுரை எதுவும் இல்லாமலே அதன் மதிப்பை அந்த ஒரு செயல் சொல்லிவிடுகிறது.

கேள்வி: டோல்கீனின் எல்ஃப் இளவரசி லூத்தியனின் கதை, கோபுரத்திலிருந்து கூந்தலைத் தொங்கவிடும் ராபன்சல் கதையின் நகல் தானே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நகல் அல்ல, ஆனால் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட அந்தக் கதையின் நினைவு அதில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. காதலன் பெரெனைத் தேடிப் போய்விடுவாள் என்று அஞ்சி, தந்தை திங்கோல் அவளை ஒரு மாபெரும் பீச் மரத்தின் உச்சியில் கட்டிய வீட்டில் சிறைவைத்து ஏணிகளை அகற்றிவிடுகிறான். அவள் தன் மந்திரத்தால் கூந்தலை மிக நீளமாக வளர்த்து, அதைக்கொண்டு உறக்கத்தின் சக்தி ஏறிய கரிய மேலாடை ஒன்றை நெய்கிறாள். எஞ்சிய இழைகளைக் கயிறாகத் திரிக்கிறாள். அந்தக் கயிறு கீழே காவலர்களின் தலைக்கு மேல் ஆட, அவர்கள் உறங்கிப்போகிறார்கள்; அவள் இறங்கிச் செல்கிறாள். அந்த மேலாடையின் ஒரு மடிப்பைக் கண்முன் வீசியதால்தான், ஓநாய் வடிவில் பாய்ந்துவந்த சௌரோன் என்னும் தீயவன் தடுமாறுகிறான்.

ராபன்சலின் கூந்தலைப் பிடித்துச் சூனியக்காரி ஏறினாள், இளவரசன் ஏறினான். லூத்தியனின் கூந்தலில் எவரும் ஏறவில்லை. அதைக்கொண்டு அவளே இறங்குகிறாள்; காதலனைக் காப்பாற்றவும் அவளே போகிறாள்.

கேள்வி: பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சபதம் செய்ததுபோல், நடுநிலவுலகில் முடியை வைத்து யாரேனும் சபதம் செய்கிறார்களா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அத்தகைய சபதம் அங்கே முக்கியமான இடம் எதையும் பெறவில்லை. இது சற்று வியப்பானதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவரும் வடஐரோப்பியப் பழங்கதைகளில் தோய்ந்தவருமான டோல்கீனுக்கு அந்த வழக்கம் தெரியாமல் இருந்திருக்காது. நார்வே முழுவதையும் ஆளும்வரை முடியை வெட்டுவதில்லை, வாருவதில்லை என்று ஹரால்டு மன்னன் சபதம் செய்து, வென்ற பிறகே வெட்டிக்கொண்டதாக ஐஸ்லாந்தின் சாகாக்கள் என்னும் பழங்கதைகள் சொல்கின்றன. ரோமானியர்களை எதிர்த்த சிவிலிஸ் என்னும் படாவியத் தலைவன், வெற்றி கிட்டும்வரை முடியைச் சிவப்பாகச் சாயமேற்றி வளரவிட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். இவ்வளவு வளமான பொருளை டோல்கீன் பயன்படுத்தாமல் விட்டார். அவருடைய வீரர்களின் சபதங்கள் எல்லாம் சொல்லால் ஆனவை. உடலின் மீது எழுதப்படுபவை அல்ல.

கேள்வி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் வரும் தோத்ராக்கிகள் போரில் தோற்றால் சடையை வெட்டிவிடுவார்கள், வென்றால் மணி கட்டுவார்கள் என்பதற்கு வரலாற்றில் ஏதேனும் முன்மாதிரி உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: ஜார்ஜ் மார்ட்டின் 1996-இல் தொடங்கிய நாவல் வரிசையில் வரும் இந்தக் குதிரைவீரர்களை, மங்கோலியர், ஹூணர் உள்ளிட்ட புல்வெளி நாடோடிகளையும் வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளையும் கலந்து, தன் கற்பனையையும் சேர்த்து உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் முடியை இழப்பது தகுதியை இழப்பது என்ற கருத்துக்கு எனக்கு நினைவுக்கு வரும் மிகக் கூர்மையான வரலாற்று நிகழ்ச்சி புல்வெளியில் நடந்ததல்ல, பிரான்சில் நடந்தது.

ஆறாம் நூற்றாண்டில் பிராங்குகளை ஆண்ட மெரோவிஞ்சிய மன்னர்களுக்கு நீண்ட முடியே அரசுரிமையின் அடையாளம். மொட்டையடிக்கப்பட்டவன் மன்னனாக முடியாது. இறந்துபோன தங்கள் சகோதரனின் மகன்களுக்கு ஆட்சிப் பங்கு போய்விடக்கூடாது என்று எண்ணிய இரண்டு மன்னர்கள், அச்சிறுவர்களை வளர்த்துவந்த தங்கள் தாய் குளோட்டில்டாவிடம் ஒரு கத்தரிக்கோலையும் உறையிலிருந்து உருவிய வாளையும் அனுப்பி, எது வேண்டும் என்று கேட்கச் சொன்னார்கள். துயரத்திலும் கோபத்திலும் நிலைகுலைந்த அவள், ஆட்சி இல்லையென்றால் முடி வெட்டப்பட்டவர்களாகப் பார்ப்பதைவிடப் பிணமாகப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பித்த மூன்றாமவன் வளர்ந்து, தன் கையாலேயே தன் முடியை வெட்டிக்கொண்டு துறவியானான். இதை எழுதிவைத்தவர் அதே நூற்றாண்டில் வாழ்ந்த தூர் நகர ஆயர் கிரிகோரி. 751-இல் அந்த வம்சத்தின் கடைசி மன்னன் மூன்றாம் சில்டெரிக்கை அகற்றியபோதும் முடியை மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள்.

தோத்ராக்கிகளிடம் திரும்பினால், தலைவன் ட்ரோகோ ஒருபோதும் தோற்காததால் அவன் சடை தொடைவரை நீள்கிறது. வெற்றிகளின் மணிகள் அதில் ஒலிக்கின்றன. அவனைச் சிதையில் ஏற்றும் முன் மனைவி டேனெரிஸ் அந்த மணிகளை ஒவ்வொன்றாக மீண்டும் சடையில் கட்டுகிறாள். பிறகு மார்ட்டின் அந்த வழக்கத்தை வேறொரு கோணத்தில் திருப்புகிறார். மந்திரவாதிகளின் மாளிகை எரிந்த பின் பணிப்பெண் ஜிக்கி டேனெரிஸின் முடியைப் பின்னி ஒரு மணியைக் கட்ட, நான் எந்தப் போரிலும் வெல்லவில்லையே என்கிறாள் அவள். மந்திரவாதிகளை அவர்கள் வீட்டிலேயே எரித்தீர்களே என்கிறாள் பணிப்பெண். எது வெற்றி என்பதை முடிவு செய்யும் அதிகாரம் சடை பின்னுகிறவளின் கையில் இருக்கிறது.

அதே நாவல் வரிசையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னொரு முடி வழக்கம் மீரீன் நகரத்தில் வருகிறது. அங்கே உயர்குடியினர் தங்கள் முரட்டு முடியைக் கொம்புகள், இறக்கைகள் போன்ற வடிவங்களில் நிறுத்தி வைப்பவர்கள். நகரத்தை டேனெரிஸ் கைப்பற்றிய பிறகு, பழைய மீரீனைக் கைவிட்டுப் புதிய ஆட்சியை ஏற்றுக்கொண்டதைக் காட்ட ஸ்காஹாஸ் என்னும் பிரபு முதலில் தலையை மழித்துக்கொள்கிறான். வேறு சிலரும் அவனைப் பின்பற்ற, ‘மொட்டைத் தலையர்’ என்ற அரசியல் கூட்டமே உருவாகிறது. அவர்களில் எத்தனை பேர் மனம் மாறியவர்கள், எத்தனை பேர் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தவர்கள் என்பது அரசிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதற்கும் இணை உண்டு. மஞ்சு இனத்தார் சீனாவை வென்றபின் 1645-இல் பிறப்பித்த ஆணை, சீன ஆண்கள் பத்து நாட்களுக்குள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் தலை போகும் என்றது. பெற்றோர் தந்த உடலையும் முடியையும் சிதைக்கக்கூடாது என்ற கன்பூசிய மரபில் வளர்ந்த பலர், நாட்டை இழந்ததைவிட முடியை இழப்பதற்கே கொதித்தெழுந்தார்கள். ஜியாங்யின் போன்ற நகரங்களில் அந்த எதிர்ப்பு பெரும் படுகொலையில் முடிந்தது. இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து 1911 புரட்சியின்போது அதே சடையை வெட்டுவது குடியரசுக்கு ஆதரவு என்றாகி, சடை பழகிப்போன மக்களில் சிலர் அதை வெட்டவும் மறுத்தார்கள்.

கேள்வி: நான் தமிழில் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிவருகிறேன். அதில் மலைநாட்டு மக்கள் தாங்கள் கண்ட ஒவ்வொரு போருக்கும் பின்னலில் ஒரு வண்ண நூலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். படித்த நண்பர்கள் ‘அழகாக இருக்கிறது, ஆனால் அலங்காரமாகவே நிற்கிறது’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். வழக்கத்தை விளக்கும் பத்தி இருக்கிறது, அந்த வழக்கத்தால் நடக்கும் நிகழ்ச்சி இல்லை என்பதே குறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். சில கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போருக்குப் போகாதவன் ஒரு நூலைத் திருடிக் கட்டிக்கொண்டால் என்ன தண்டனை? முதுமையில் முடி கொட்டி வழுக்கையான வீரனின் நூல்கள் எங்கே போகும், அவனை இளைஞர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? தலையின் பின்புறத்தைத் தானே பின்னிக்கொள்ள இயலாது என்பதால், நூலைச் சேர்த்துக் கட்டுகிறவர் யார், தாயா, மனைவியா, படைத்தலைவனா, ஊர் நாவிதரா? அந்த ஒருவர் இறந்துவிட்டால்? தான் வெட்கப்படும் போர் ஒன்றின் நூலை ஒருவன் கழற்றிவிட விரும்பினால்? இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு நீங்கள் நேர்மையாக விடை தேடினாலே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

முடிக்கு மந்திர சக்தி உண்டு என்று உங்கள் மக்கள் நம்புவதாக இருந்தால், வெட்டிய முடியை என்ன செய்கிறார்கள் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். வெட்டிய முடியும் நகமும் பகைவர் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் உலகின் பல பகுதிகளில் இருந்தது. அந்த அச்சம் உண்மையாகிவிடும் ஓர் உலகத்தில், அரசனுடைய தளபதியைவிட அவனுடைய நாவிதனே அதிக நம்பிக்கைக்கும் அதிக சந்தேகத்துக்கும் உரியவன். அமைச்சர்கள் கையூட்டு கொடுக்கும் முதல் ஆளும் அவனாகத்தான் இருப்பான்.

போர்க்களத்தையும் மறந்துவிடாதீர்கள். நீண்ட பின்னல் பகைவன் கைக்குப் பிடி. டோல்கீனின் ஆரம்பகாலக் கதை ஒன்றில், கோண்டோலின் நகரம் வீழும்போது குளோர்ஃபிண்டெல் என்னும் வீரன் பால்ரோக் என்ற நெருப்புப் பேயை மலைவிளிம்பிலிருந்து வீழ்த்திவிடுகிறான். விழும் வேகத்தில் அது அவனுடைய பொன்முடியைப் பற்றிக்கொள்ள, அவனும் பாதாளத்துக்குப் போகிறான். உங்கள் மலைநாட்டார் போருக்குப் போகுமுன் பின்னலைச் சுற்றிக் கட்டுகிறார்களா, தலைக்கவசத்துக்குள் செருகுகிறார்களா, அல்லது ஆபத்தைத் தெரிந்தே தொங்கவிடுகிறார்களா என்பது அவர்களுடைய குணத்தைச் சொல்லும்.

வழக்கத்தை ஒருவர் கைவிடும் தருணமும் விளக்கத்தைவிட அதிகம் பேசும். ராபர்ட் ஜோர்டான் 1990-இல் தொடங்கிய ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையில், டூ ரிவர்ஸ் என்னும் கிராமப்பகுதியில் ஒரு பெண் எப்போது பின்னல் போடலாம் என்பதை ஊர்ப் பெண்கள் அவை முடிவு செய்கிறது. பின்னல் போட்டவள் மணவயதை எட்டியவள். எக்வீன் என்னும் பெண் ஆசையாகக் காத்திருந்து அந்த உரிமையைப் பெறுகிறாள். ஊரைவிட்டுப் புறப்பட்டு, மந்திர ஆற்றல் கொண்ட அய்ஸ் செடாய் சகோதரிகளில் ஒருத்தியாக வேண்டும் என்று தீர்மானித்ததும் அதை அவிழ்த்துவிடுகிறாள். உடன்வந்த ராண்ட் அதைக் கண்டு திடுக்கிடுகிறான். அவள் இனி ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்பது அவனுக்கு அப்போது உறைக்கத் தொடங்குகிறது. 2021-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் பின்னல் போட்ட பின் அவளை ஆற்றில் தள்ளும் சடங்கு நாவலில் கிடையாது. பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அவிழ்ந்த கூந்தலைக் கண்டு அவன் திடுக்கிடும் சில வரிகளின் வலிமை அதற்கு இல்லை.

கடைசியாக ஒன்று. நூலின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் என்று பட்டியல் போட்டிருந்தால், அதை உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாவலுக்குள் இரண்டு நிறங்கள் போதும்.

கேள்வி: ஹாபிட்களின் பாதத்தில் ரோமம் இருப்பதற்கு ஏதேனும் நம்பிக்கையோ சடங்கோ உண்டா, அல்லது வெறும் வேடிக்கையா? (பள்ளி மாணவர், புதுச்சேரி)

பதில்: சடங்கு எதுவும் இல்லை. பாதத்தின் அடிப்பகுதி தோல்போலத் தடித்தும், மேற்பகுதியில் தலையில் உள்ளதைப் போன்ற சுருள் ரோமம் அடர்ந்தும் இருப்பதால் அவர்கள் காலணி அணிவது அரிது. அதனால் செருப்புத் தைக்கும் தொழில் அவர்களிடம் அதிகம் வளரவில்லை. ஆனாலும் மரியாதை உண்டு. கதையின் தொடக்கத்தில் வாசலில் நின்று புகைபிடிக்கும் பில்போவின் கால்விரல் ரோமம் ஒழுங்காக வாரப்பட்டிருந்தது என்று ஆசிரியர் மறக்காமல் அடைப்புக்குறிக்குள் சொல்கிறார். அவர் வீட்டில் விருந்துண்ட குள்ளர் தலைவன் தோரின், உபசரித்தவரை வாழ்த்தும்போது, அவருடைய கால்விரல் ரோமம் ஒருநாளும் உதிராதிருக்கட்டும் என்கிறான். தாடியைப் போற்றும் இனத்தான் ஒருவன், தாடியில்லாத இனத்தானுக்கு வேறு எதை வாழ்த்துவான்?